ரெஃபியூஜியத்தில் எதை வளர்க்கலாம், எதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவர் வீட்டில் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட உப்புநீர்த் தொட்டி ஒன்று பதினான்கு மாதங்களாக இயங்கிவருகிறது. லெதர் கோரல், மஷ்ரூம், சோயாந்தஸ் போன்ற மென்பவளங்களும், இரண்டு கோமாளி மீன்களும், யெல்லோ டாங், சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீன்களில் ஒவ்வொன்றும் அதில் இருக்கின்றன. கீழே உள்ள 100 லிட்டர் சம்பில் (தொட்டி நீர் வந்து சென்று திரும்பும் துணைத் தொட்டியில்) 40 லிட்டர் அறை ஒன்றை ரெஃபியூஜியத்திற்காக, அதாவது பாசியும் சிறு உயிர்களும் எதிரியின்றி வளர்வதற்காக, ஒதுக்கியிருக்கிறார். நைட்ரேட் 40 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 40 பங்கு) காட்டுகிறது, பாஸ்பேட் நீக்கும் இரும்புத் துகள்களை ரியாக்டரில் தொடர்ந்து ஓட்டுவதால் பாஸ்பேட் 0.03 பி.பி.எம். மட்டுமே. சென்ற ஆண்டு இறுதியில் வாங்கி இட்ட கீட்டோமார்ஃபா பாசி ஒரு மாதத்தில் வெளிறிக் கரைந்துபோனது. மெதுவான நீரோட்டம் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அறைக்குள் வரும் நீரை மிகவும் குறைத்திருந்ததாகவும், 8 வாட் மேசை விளக்கைப் பயன்படுத்தியதாகவும் எழுதியிருக்கிறார்.

இப்போது அவர் வைத்திருக்கும் திட்டம் பெரியது. இராமநாதபுரத்தில் இருக்கும் மைத்துனர் மூலம் மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு மூட்டை பவளக்கல், கடல் மணல், பாசி, முடிந்தால் இரண்டு கடல்குதிரை, ஒரு கடலட்டை ஆகியவற்றை வரவழைக்க வேண்டும். ஐந்தங்குல உயரத்திற்கு மணல் பரப்ப வேண்டும். நண்பர் இலவசமாகக் கொடுத்த திராட்சைக் காலர்பா என்ற பாசியை நட வேண்டும். ஓரமாக இரண்டு அலையாத்திக் கன்றுகளும் வைக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தபின் ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாக வெளியேற்றும் கருவி) தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்திவிடலாம் என்றும், மகள் ஆசைப்படும் மாண்டரின் மீனை அடுத்த மாதமே வாங்கிவிடலாம் என்றும் நம்புகிறார். வேலை நிமித்தமாக மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். "கடலிலிருந்து நாமே எடுத்துக்கொள்வதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லையே? வாங்கி விற்றால்தானே தவறு?" என்பது கடிதத்தின் கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும், இதில் இருக்காது. உங்கள் மைத்துனரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தால் இன்றே பேசி நிறுத்திவிடுங்கள்.

மன்னார் வளைகுடாக் கல்லும் சட்டமும்

கல்பவளங்கள் அனைத்தும், கடல்குதிரைகள் அனைத்தும், கடலட்டைகள் அனைத்தும் 2001ஆம் ஆண்டில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது, புலிக்கும் யானைக்கும் இந்த நாட்டில் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இவற்றிற்கும் உண்டு. இந்தச் சட்டம் விற்பனையை மட்டும் தடுப்பதில்லை. பிடிப்பது, எடுப்பது, வைத்திருப்பது, கொண்டு செல்வது ஆகிய எல்லாவற்றையும் அது உள்ளடக்குகிறது. இறந்த பவளத்தின் எலும்புக்கூடும் பாதுகாக்கப்பட்ட விலங்கிலிருந்து பெறப்பட்ட பொருளாகவே கருதப்படும் என்பதால், "அது வெறும் காய்ந்த கல்தான்" என்ற வாதம் உதவாது. முதலாம் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகளும் சிறைத்தண்டனையும், அதனுடன் அபராதமும் உண்டு. நான் கடல் உயிரியல் படித்தவன், வழக்கறிஞன் அல்லன். ஆனால் இதைப் புரிந்துகொள்வதற்கு வழக்கறிஞர் தேவைப்படாது. மூட்டையுடன் சோதனைச் சாவடியில் நிற்கப்போவது நீங்கள் அல்ல, உங்களுக்காகக் கல் எடுத்துக் கொடுத்த மீனவரும் உங்கள் மைத்துனரும்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தண்டனைக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுவே முதன்மையானது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய திட்டுகளையும் காக்கவே 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் அங்கே பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டிருந்த திட்டுகள் போன பிறகு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அந்தக் கல்லும் மூட்டை மூட்டையாகத்தான் போயிற்று.

பாசியின் நிலை சற்று வேறானது. மண்டபம், இராமேசுவரம் பகுதிகளில் பெண்கள் முழங்கால் நீரிலும் கழுத்தளவு நீரிலும் இறங்கிக் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகியவற்றைச் சேகரித்து அகர், அல்ஜினேட் ஆலைகளுக்குக் கொடுப்பது தலைமுறைத் தொழில். தேசியப் பூங்காவின் தீவுகளுக்குள் சென்று எடுப்பது கூடாது. கரையோரத்தில் எடுப்பது அவர்களுடைய பிழைப்பு. அவர்கள் எடுக்கும் கஞ்சிப்பாசியில் ஒரு பிடி உங்களுக்குக் கிடைத்தாலும், அதனுடன் ஹைட்ராய்டுகளும், ஒட்டுண்ணிகளின் கூடுகளும், ஐப்டேசியா போன்ற சிறு கடல் தாமரைகளும், சில வேளை இறாலைப் போலவே தோன்றும், வேட்டையாடும் மான்டிஸ் குஞ்சுகளும் சேர்ந்து வரும். கடற்கரை மணலும் அப்படித்தான். துறைமுகத்திற்கும் இறால் பண்ணைக்கும் அருகிலிருந்து எடுத்த மணலில் என்ன கலந்திருக்கிறது என்பதை உங்கள் சோதனைக் குப்பிகள் காட்டாது.

ஆக, கல்லுக்குப் பதிலாகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட செராமிக் துண்டுகளையோ, சிமென்ட்டில் வார்த்து நன்றாக ஊறவைத்த கற்களையோ பயன்படுத்துங்கள். இவற்றில் பாக்டீரியாவும் சிறு உயிர்களும் குடியேற நான்கைந்து மாதங்கள் ஆகும் என்பது உண்மை. உங்கள் பெரிய தொட்டியில் பதினான்கு மாத வயதுள்ள கற்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து கையளவு துண்டு ஒன்றைக் கீழே மாற்றினாலே குடியேற்றம் தொடங்கிவிடும்.

முதல் பாசி ஏன் கரைந்தது?

நைட்ரேட் இவ்வளவு அதிகமாக இருக்கும்போது பாசி பட்டினி கிடந்திருக்க முடியாது, ஆகவே வாங்கிய பாசியே கெட்டதாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தந்திருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால், அது பட்டினியால்தான் செத்தது என்று சொல்வேன். பாஸ்பேட்தான் அதற்குக் கிடைக்காமல் போயிற்று.

கடல் பாசிகளின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 30 நைட்ரஜன் அணுக்கள் இருக்கும் என்பது 1983இல் அட்கின்சன், ஸ்மித் ஆகியோர் வெளியிட்ட அளவீடு. இதை நம்முடைய சோதனைக் குப்பிகள் காட்டும் எடைக்கணக்கில் மாற்றினால், ஏறத்தாழ 20 பங்கு நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளப் பாசிக்கு ஒரு பங்கு பாஸ்பேட் தேவை. உங்கள் நீரிலுள்ள 0.03 பி.பி.எம். பாஸ்பேட் முழுவதையும் பாசி உறிஞ்சிக்கொண்டாலும், நைட்ரேட்டில் 0.6 பி.பி.எம். மட்டுமே குறையும். மீன்களுக்கு இடும் தீனியிலிருந்தும் கற்களிலிருந்தும் நாள்தோறும் புதிதாகப் பாஸ்பேட் கசிந்துகொண்டுதான் இருக்கும்; ஆனால் அதைப் பாசிக்குக் கிடைக்கவிடாமல் உங்கள் ரியாக்டரிலுள்ள இரும்புத் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கற்களின் மேல் மட்டும் முடிப்பாசி வளர்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது கல்லிலேயே வேர்போல் ஒட்டிக்கொண்டு, கல்லிலிருந்து வெளியேறும் பாஸ்பேட்டை நீரில் கலப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்கிறது. பந்துபோல் மிதக்கும் கீட்டோவுக்கு அந்த வசதி இல்லை.

எனவே, இரும்புத் துகள்களின் அளவை இப்போது பாதியாக்கி, இரண்டு வாரங்களுக்குப் பிறகு முழுவதும் எடுத்துவிடுங்கள். வாரத்திற்கு இரண்டு முறை பாஸ்பேட்டைச் சோதித்து, 0.05க்கும் 0.1க்கும் இடையில் நிலைக்கவிடுங்கள். 0.15ஐத் தாண்டினால் மட்டும் துகள்களைச் சிறிதளவு மீண்டும் சேர்க்கலாம். நைட்ரேட்டைப் பொறுத்தவரை பாசியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை 25 விழுக்காடு வீதம் மூன்று முறை தண்ணீர் மாற்றினால், 40 என்பது 30, 22, 17 என்று கணக்குப்படி இறங்கும். இடையில் தீனியால் கூடுவதைச் சேர்த்துப் பார்த்தாலும் 20க்கு அருகில் வந்துவிடும். உப்புக் கரைக்கப் பயன்படுத்தும் ஆர்.ஓ. நீரில் டி.டி.எஸ். சுழியமாக இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பவை மென்பவளங்கள், 40 பி.பி.எம். நைட்ரேட்டில் அவை செத்துவிடப் போவதில்லை. பதற்றப்பட்டு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் சுழியத்திற்கு இறக்கிவிடாதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தைத் தொட்ட தொட்டிகளில்தான் பழுப்பு நிறச் சளிபோல் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் படர்கின்றன. அவற்றை ஒழிப்பது முடிப்பாசியை ஒழிப்பதைவிடப் பலமடங்கு கடினம்.

வெளிச்சமும் நீரோட்டமும் இரண்டாம் மூன்றாம் காரணங்கள். 8 வாட் மேசை விளக்கு போதவே போதாது. 40 லிட்டர் அறைக்கு 30 வாட் அளவிலான, செடி வளர்ப்புக்கென்று விற்கப்படும் எல்.இ.டி. விளக்கு வேண்டும், 6500 கெல்வின் வெள்ளையும் சரி, ஊதாவாகத் தெரியும் சிவப்பு-நீலக் கலவையும் சரி. அதை இரவில் எரியவிடுங்கள். மேல் தொட்டி விளக்கு அணையும்போது இது எரியத் தொடங்கி, 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். இரவில் மீனும் பவளமும் மூச்சுவிடுவதால் கரியமில வாயு கூடி பி.எச். இறங்கும் நேரத்தில், கீழே பாசி அதை எடுத்துக்கொள்ளும். ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெளிவாகவே தெரியும். நீர் மெதுவாக ஓடினால்தான் பாசிக்கு உறிஞ்ச நேரம் கிடைக்கும் என்ற கருத்து பரவலானது, ஆனால் தவறானது. நீர் தேங்கினால் இழைகளின் மேல் அழுக்குப் படிந்து, பந்தின் உட்பகுதி அழுகும். சம்ப் வழியாகப் போகும் நீர் முழுவதையும் இந்த அறை வழியாகவே விடலாம். பந்து தானே மெல்லப் புரண்டுகொண்டிருக்கும் அளவு ஓட்டம்தான் சரியான அளவு. அறைக்கும் ரிட்டர்ன் பம்புக்கும் நடுவே பிளாஸ்டிக் வலையொன்றை வைக்க மறக்காதீர்கள்.

எதை இடுவது, எந்த வரிசையில்?

முதலில் கீட்டோமார்ஃபாவையே மறுபடியும் இடுங்கள். ஊட்டச்சத்துகளும் வெளிச்சமும் சரியான பிறகு அது ஏமாற்றாது. எதிலும் ஒட்டாமல் பந்தாகவே வளர்வதால், தேவையான அளவு கையால் பிய்த்து எடுத்துவிடலாம். பெரிய தொட்டிக்குள் ஓர் இழை போனாலும் கற்களில் வேர்விட்டுக்கொள்ளாது. கடையில் வாங்குவதைவிட, ஓராண்டுக்கு மேல் நோயில்லாமல் தொட்டி நடத்தும் ஒருவரிடம் 200 அல்லது 300 கிராம் கேட்டு வாங்குவது நல்லது. உங்கள் ஊரிலேயே அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள்; அறுவடை செய்வதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும்.

வாங்கி வந்ததை அப்படியே சம்பில் போட வேண்டாம். வெள்ளை நிற வாளியொன்றில் தொட்டி உப்புநீரை நிரப்பி, பந்தைச் சிறு சிறு பிடிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நீருக்குள் உதறுங்கள். சிறிது நேரத்தில் வாளியின் அடியில் என்னென்ன இறங்கியிருக்கிறது என்பது வெள்ளைப் பின்னணியில் தெரியும். அரிசிக் குருணைபோல் வளைந்து பக்கவாட்டில் நெளிந்து ஓடுபவை ஆம்ஃபிபாடுகள், அவை இருக்கட்டும். பச்சைக் கண்ணாடி மணிபோல் பளபளப்பவை குமிழிப்பாசி. உடைக்காமல் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பழுப்பு நிறத் தண்டில் மெல்லிய கைகளை விரித்திருப்பது ஐப்டேசியாவாக இருக்கும். அது ஒட்டியிருக்கும் பிடி முழுவதையும் தள்ளிவிடுங்கள். பிறகு, காற்றுக்கல்லும் விளக்கும் வைத்த தனி வாளியில், மீன் எதுவும் இல்லாமல், குறைந்தது ஆறு வாரம் வைத்திருங்கள். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியானின் கூடுகள் பாசியில் ஒட்டி வரக்கூடும். மீன் இல்லாத இடத்தில் அதற்குத் தொடர்ந்து வாழ வழியில்லை. 76 நாள் காத்திருப்பவர்களும் உண்டு, அவர்களைத் தவறு சொல்ல மாட்டேன். உங்கள் யெல்லோ டாங் அந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் இனம்.

இரண்டாவதாக, ஒரு பிடி கிராசிலேரியா அல்லது உல்வா பாசி கிடைத்தால், அதே முறையில் தனிமைப்படுத்திவிட்டுச் சேர்க்கலாம். இவற்றை டாங் விரும்பி உண்ணும் என்பதால் அறுவடை வீணாகாது. கீட்டோவை அது பெரும்பாலும் தொடாது.

மூன்றாவதாகக் கோபிபாடுகள், அதாவது மீன்களுக்கு இரையாகும் நுண்ணிய ஓட்டுடலிகள். டிஸ்பி, டிக்ரியோபஸ், அப்போசைக்ளாப்ஸ் என்ற பெயர்களில் குப்பியில் விற்கிறார்கள். செந்நிறமாகக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் டிக்ரியோபஸ் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நீரில் திறந்தவெளியில் நீந்துவதால் மீன்கள் அதை ஓரிரு நாளில் தின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது டிஸ்பி. கல்லிடுக்கில் ஊர்ந்து வாழும், இருட்டில் பெருகும். குப்பி வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சின்னஞ்சிறு புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளுகின்றனவா என்று பாருங்கள். கூரியர் வண்டி வெயிலில் நின்றிருந்தால் துள்ளல் இருக்காது, நாற்றம் இருக்கும். அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். சரியாக இருந்தால், இரவில் ஸ்கிம்மரையும் பம்பையும் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, அறையின் அடியில் குவித்த செராமிக் துண்டுகளுக்கு நடுவே மெதுவாக விடுங்கள். நானோகுளோராப்சிஸ் போன்ற நுண்பாசித் திரவத்தை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சில மில்லிலிட்டர் மட்டும் கொடுத்தால் போதும். சம்ப்பின் வடிகட்டிப் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அதிலேயே பாதி மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவுதான். அறைக்குள் மீன் வேண்டாம், நண்டு வேண்டாம், பெப்பர்மின்ட் இறால் வேண்டாம். எதிரி இல்லாத இடம் என்பதுதான் ரெஃபியூஜியத்தின் முழுப் பயனும்; அழகாக இருக்கிறதென்று ஒன்றை இட்டாலும் அந்தப் பயன் போய்விடும்.

வேண்டாம் என்று நான் சொல்பவை

காலர்பா: இது அழகான பாசி, வேகமாகவும் வளரும். ஆனால் வெட்டாமல் விட்டாலோ, வெளிச்சமோ சத்தோ திடீரென்று மாறினாலோ, செடி முழுவதும் ஒரே இரவில் இனப்பெருக்கத்திற்குத் திரும்பித் தன் உட்பொருள் அனைத்தையும் நீரில் விட்டுவிட்டுச் செத்துவிடும். காலையில் தொட்டி நீர் பச்சைப் பாலாக இருக்கும். அதுவரை உறிஞ்சி வைத்திருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் திரும்பி வரும். ஆக்சிஜன் இறங்கி மீன்கள் மேல்மட்டத்தில் மூச்சுத்திணறும். இலைகளில் வெளிறிய கண்ணாடித் திட்டுகள் முந்தைய நாளே தெரியும். வீட்டில் இருப்பவர் பார்த்து அப்புறப்படுத்திவிடலாம். மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருக்கும் உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் காலர்பாவை நன்றாக வைத்திருப்பவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் தினமும் பார்ப்பவர்கள்.

நண்பர் கொடுத்ததைச் சாக்கடையிலோ ஆற்றிலோ, முக்கியமாக அடுத்தமுறை இராமேசுவரம் போகும்போது கடலிலோ விடாதீர்கள். 1984இல் மொனாக்கோ கடற்கரையில் சிறு திட்டாகக் காணப்பட்ட காலர்பா டாக்சிஃபோலியா மத்தியதரைக் கடலின் அடியில் பெரும்பரப்பில் பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அதே பாசி தெரிந்தபோது, அதைத் தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி, 2006இல்தான் முழுவதும் ஒழிந்ததென்று அறிவிக்க முடிந்தது. நம் குருசடைத் தீவிலேயே, மண்டபம் கரையில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி உயிருள்ள பவளங்களை மூடிப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கையிலிருப்பதை இரண்டு நாள் கடும் வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

ஐந்தங்குல மணல்: உங்கள் அறையின் அளவுக்கு அது 13 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், பாசிக்கு வேண்டிய இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் இல்லாத பகுதியில் நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியா வாழ்கிறது என்பது சரிதான். ஆனால் ஒரு சதுர அடி அளவுள்ள படுகை 450 லிட்டர் நீருக்கு என்ன செய்துவிடும்? அழுக்குச் சேர்ந்து, பின்னொரு நாள் கை பட்டுக் கலங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும் ஆபத்துதான் மிச்சம். அடித்தளம் வெறுமையாக இருக்கட்டும். படியும் கசடைக் குழாயால் உறிஞ்சிவிடலாம்.

கடல்குதிரை, கடலட்டை: சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பொருந்தாது. கடல்குதிரை நீங்கள் வளர்க்க நினைக்கும் கோபிபாடுகளையே தின்னும். கடலட்டை செத்தாலோ பம்பில் சிக்கினாலோ வெளிவிடும் நச்சு மீன்களைக் கொல்லக்கூடியது.

அலையாத்தி: பிச்சாவரத்துச் சுரபுன்னைபோல் அழகான கன்றுதான், ஆனால் அதன் வளர்ச்சி மெதுவானது, உங்கள் நைட்ரேட்டில் அதனால் ஒரு மாற்றமும் தெரியாது.

ஸ்கிம்மரை நிறுத்தலாமா?

கூடாது. ஸ்கிம்மர் கழிவை அது சிதைவதற்கு முன்பே நுரையாக வெளியேற்றுகிறது. பாசி சிதைந்த பிறகு எஞ்சுவதை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் மாற்றுவதை முதல் மூன்று வாரங்களுக்குப் பிறகு இரண்டு வாரத்திற்கொருமுறை 10 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்த முடியாது. பாசிக்கு வேண்டிய இரும்பு, பொட்டாசியம், அயோடின் அந்தப் புது நீரிலிருந்துதான் வருகின்றன.

பாசி நீரைச் சுத்தமாக்குகிறது என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். பாசி சத்தைத் தன்னிடம் சேர்த்து வைக்கிறது. அதை வெளியே எடுக்கும்போதுதான் சத்து தொட்டியை விட்டு நீங்குகிறது. கீரைப்பாத்தியில் பறிக்காமல் விட்ட கீரை முற்றி மட்கி மண்ணுக்கே போவதுபோல, அறுக்காத பாசியும் அடியில் இருட்டாகி அழுகி எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடும். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் அமைப்பில் 450 லிட்டர் நீர் இருப்பதாகக் கொண்டால், நைட்ரேட்டை 40லிருந்து 10க்குக் குறைக்க 13.5 கிராம் நைட்ரேட், அதாவது 3 கிராம் நைட்ரஜன் வெளியேற வேண்டும். நீர் வடித்த பாசியில் பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை. அதில் சுமார் 3 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே ஒரு கிலோ அளவுக்கு ஈரப்பாசியை அறுத்து எடுத்தாக வேண்டும். அதுவும் தினசரித் தீனியால் சேர்வதைக் கணக்கில் சேர்க்காமல். அறை நிரம்பும்போதெல்லாம், ஊருக்குப் போகும் முன்தினம், மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுவது உங்களுக்கு ஏற்ற வழக்கம். எடுத்ததை நிறுத்து எழுதிவைத்தால், சோதனைக் குப்பி சொல்லாத பலவற்றை அந்த எடை சொல்லும்.

நீங்கள் இல்லாத நாளில் மின்சாரம் போனால், இருட்டில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதை மனத்தில் வைத்து, மேல் தொட்டியின் ஒரு அலை பம்பையாவது இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

மகள் கேட்ட மாண்டரின் மீன்

இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்த மீனைப் போல் வண்ணம் கொண்ட உயிர் கடலில் குறைவு, ஒரு குழந்தை அதைக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் வீட்டுத் தொட்டிகளில் மாண்டரின் பெரும்பாலும் சாவது நோயால் அல்ல, பசியால். பகல் முழுவதும் கற்களைக் கொத்திக் கொத்திக் கோபிபாடுகளைத் தின்று வாழும் உடலமைப்பு அதற்கு. சிறிதளவே கொள்ளும் வயிறு, இடைவிடாத தேவை. கடைத் தொட்டியில் வாரக்கணக்கில் உணவின்றி இருந்து, வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் எலும்பு தெரியும் நிலையில்தான் பல மீன்கள் விற்பனைக்கு வருகின்றன. மேலும் உங்களிடம் சிக்ஸ்லைன் ராஸ் இருக்கிறது. அதே கோபிபாடுகளை, மாண்டரினைவிடப் பலமடங்கு வேகமாக அது வேட்டையாடும். 40 லிட்டர் அறை எவ்வளவு பெருக்கினாலும் இரண்டுக்கும் போதாது.

அடுத்த மாதம் வேண்டாம். கோபிபாடு விட்டு ஆறு மாதமாவது போகட்டும். அதற்குள் ராஸை வேறொரு நல்ல தொட்டிக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இந்தத் தொட்டியில் மாண்டரின் வேண்டாம் என்பதுதான் என் பதில். கொடுக்க முடிந்தால், விளக்குகள் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து மகளையும் கூட்டிக்கொண்டு போய், மேல் தொட்டியின் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் கண்ணாடி மேல் ஊர்வதும் திடீரென்று துள்ளுவதும் எங்கு ஒளி பட்டாலும் தெரிய வேண்டும். தேடித்தேடி நாலைந்து கண்டால் போதாது. அப்போதும், தொட்டியில் பிறந்து உறைந்த உணவுக்குப் பழகிய மீன் கிடைத்தால் மட்டும், கடையில் அது உங்கள் கண்முன் உண்பதைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பாஸ்பேட் துகள்களை நிறுத்திய பின் வரும் ஆறு வாரச் சோதனை எண்களையும், முதல் இரண்டு அறுவடைகளின் எடையையும் எழுதி அனுப்புங்கள். விளக்கு நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம்.